தன்னை எரித்து உயிர் காக்கும் கவசம் - விண்கல வெப்பக் காப்பின் வரலாறு

அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கரை இறக்கும்போது யாரும் அதன் அலுமினியப் பாத்திரத்தைத் தொடுவதில்லை. கருப்பு நிறக் கைப்பிடியைத்தான் பிடிக்கிறார்கள். சில அங்குலத் தூரத்தில் நீராவி சீறிக்கொண்டிருந்தாலும் கைப்பிடி கையைச் சுடுவதில்லை. அந்தக் கைப்பிடி பீனாலிக் ரெசின் என்ற வேதிப்பொருளால் ஆனது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லேண்ட் என்ற வேதியியலாளர் 1907ல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து இதை உருவாக்கினார். அவர் பெயராலேயே அது 'பேக்லைட்' என்று அழைக்கப்பட்டது. பழைய வீடுகளில் இருந்த கருப்பு மின்சார சுவிட்சுகளும் இதே பேக்லைட்தான்.

இந்தச் சாதாரணக் கைப்பிடியின் உறவுக்காரப் பொருள் ஒன்றுதான் பூமியைச் சுற்றிவிட்டு வந்த மனிதர்களை எரிந்து சாம்பலாகாமல் காப்பாற்றியது என்றால் நம்ப முடிகிறதா? ஆனால் அதுதான் உண்மை. விண்வெளிப் பயணத்தின் வரலாறு என்றாலே ராக்கெட்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். போவதைவிடத் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்பதும், அதைச் சாத்தியமாக்கிய வேதிப்பொருட்களின் கதையும் பலருக்குத் தெரியாது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பூமியைச் சுற்றிவரும் ஒரு விண்கலம் நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதாவது மணிக்கு 28,000 கி.மீ. இந்த வேகத்தில் செல்லும் ஒவ்வொரு கிலோ எடைக்குள்ளும் சுமார் 3 கோடி ஜூல் ஆற்றல் இருக்கிறது. இது எவ்வளவு? அறை வெப்பநிலையில் இருக்கும் 12 லிட்டர் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கப் போதுமான ஆற்றல்! ஒரு கிலோவுக்கே இவ்வளவு என்றால், பல ஆயிரம் கிலோ எடையுள்ள கலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தரையிறங்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதையும் காற்று மண்டலத்தில் இழந்தாக வேண்டும். இழக்கும் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

காற்றோடு உராய்வதால்தான் இந்த வெப்பம் உண்டாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உராய்வின் பங்கு கொஞ்சம்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருக்கலாம். காற்றைச் சட்டென்று அமுக்கினால் அது சூடாகும். அதே போல விண்கலத்தின் முன்னால் இருக்கும் காற்று விலகிச் செல்ல நேரமில்லாமல் நசுங்கி, பல ஆயிரம் டிகிரி வெப்பமடைகிறது. அந்தச் சூட்டில் காற்றின் மூலக்கூறுகளே உடைந்துபோகின்றன.

மழுங்கிய மூக்கு:

1950களின் தொடக்கத்தில் இந்தப் பிரச்சினையை முதலில் சந்தித்தவர்கள் ஏவுகணை வடிவமைப்பாளர்கள். வேகமாகப் போக வேண்டிய எதுவும் ஊசி போலக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. ஆனால் கூரான மூக்குள்ள மாதிரிகள் கணக்கில் உருகிப்போயின. அன்று யாரிடமும் அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் இல்லை.

1951ல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜூலியன் ஆலன், எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னார். மூக்கை மழுங்கலாக, அகலமாக வையுங்கள் என்றார். அப்படிச் செய்தால் கலத்துக்கு முன்னால் வலுவான அதிர்வலை ஒன்று உருவாகி, கலத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு பக்கவாட்டில் ஓடிவிடும். ஆல்ஃப்ரட் எக்கர்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ராணுவ முக்கியத்துவம் காரணமாக இந்த ஆய்வு சில ஆண்டுகள் ரகசியமாகவே வைக்கப்பட்டது. பின்னாளில் மெர்க்குரி, அப்பல்லோ ஆகிய கலங்கள் தட்டையான அடிப்பாகத்தை முன்னால் காட்டிக்கொண்டு இறங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் ஒரு சிறு பங்கு வெப்பம் கலத்தை வந்து அடையத்தான் செய்யும். அந்தச் சிறு பங்கே உள்ளே இருப்பவர்களைக் கொல்லப் போதுமானது. அதைத் தடுப்பது எப்படி?

இரண்டு வழிகள்:

முதல் வழி, கனமான உலோகத்தை வைத்து வெப்பத்தை அதற்குள் வாங்கிக்கொள்வது. ஆரம்பகால ஏவுகணை முனைகளில் தாமிரம் பயன்பட்டது. 1961 மே 5ல் விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய ஆலன் ஷெப்பர்டின் கலத்தில் பெரிலியம் உலோகக் கவசம் இருந்தது. ஆனால் அது 15 நிமிடப் பயணம், வேகமும் குறைவு. பூமியைச் சுற்றிவிட்டு வருவதற்கு இந்த முறை போதாது. உலோகம் ஓரளவுக்குத்தான் வெப்பத்தை வாங்கும். அதற்கு மேல் உருகிவிடும்.

இரண்டாவது வழி விசித்திரமானது. கவசத்தையே எரிய விடுவது!

பீனாலிக் ரெசினை மிக அதிகமாகச் சூடாக்கினால் அது மெழுகு போல உருகி ஓடுவதில்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலப் பின்னிக் கிடப்பதே காரணம். அது சிதைந்து நீராவி, ஹைட்ரஜன், மீத்தேன் போன்ற வாயுக்களை வெளிவிடுகிறது. மிச்சம் இருப்பது கரி. இந்த மாற்றத்தில் மூன்று நன்மைகள் கிடைக்கின்றன. சிதைவதற்கே நிறைய வெப்பம் செலவாகிறது. வெளியேறும் வாயுக்கள் சூடான காற்றைக் கலத்திலிருந்து தள்ளி நிறுத்துகின்றன. மேலே படியும் கரி செந்தணலாக ஒளிர்ந்து வெப்பத்தை வெளியே வீசிவிடுகிறது. அடியில் உள்ள ரெசினோ இன்னும் குளிர்ச்சியாகவே இருக்கிறது. கவசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அழிகிறது. ஆனால் அது முழுதும் அழிவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது.

இந்த முறை வேலை செய்யும் என்பது 1957 ஆகஸ்ட் 8ல் நிரூபிக்கப்பட்டது. வான் பிரவுன் குழுவினர் ஜூபிடர்-சி ராக்கெட்டில் அனுப்பிய ஒரு சிறிய மூக்குக் கூம்பு அட்லாண்டிக் கடலில் இருந்து முழுசாக மீட்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் ஐசனோவர் அந்தக் கூம்பைத் தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்குக் காட்டினார். சோவியத் யூனியனின் ஸ்புட்னிக்கைப் பார்த்து மிரண்டுபோயிருந்த அமெரிக்கர்களுக்கு அது ஒரு ஆறுதல்.

ஜான் கிளென்னின் பதற்றமான நிமிடங்கள்:

1962 பிப்ரவரி 20. ஜான் கிளென் ஃபிரண்ட்ஷிப்-7 கலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி இழையும் ரெசினும் கலந்த கவசம் இருந்தது. அப்போது தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு ஒரு சமிக்ஞை வந்தது. கவசம் கழன்றுவிட்டது என்பதே அதன் பொருள்!

உண்மையாக இருந்தால் கிளென் உயிரோடு திரும்ப வழியே இல்லை. முதலில் அவரிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லவும் இல்லை. கவசத்தின் மேல் பட்டைகளால் கட்டப்பட்டிருந்த சிறு ராக்கெட் தொகுப்பை வழக்கம்போலக் கழற்றிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். அந்தப் பட்டைகளாவது கவசத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் நம்பிக்கை. இறங்கும்போது எரிந்த துண்டுகள் ஜன்னலைத் தாண்டிப் பறப்பதைக் கிளென் பார்த்தார். எரிவது ராக்கெட் தொகுப்பா, கவசமா என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் பத்திரமாகக் கடலில் இறங்கினார். கவசம் கடைசி வரை உறுதியாகத்தான் இருந்தது. பொய் சொன்னது ஒரு பழுதான சுவிட்ச்.

நிலவிலிருந்து திரும்புதல்:

நிலவிலிருந்து வரும் கலம் நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழையும். வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு மடங்காகிறது. கவசத்தின் மேற்பரப்பு சுமார் 2,700 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். இதற்காக அவ்கோட் என்ற பொருள் உருவாக்கப்பட்டது. எப்பாக்சி நோவோலாக் ரெசினில் சிலிகா இழைகள் கலந்த கலவை அது. தேன்கூடு போன்ற சட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. ஒவ்வொரு அறையையும் தொழிலாளர்கள் கையால் பிடித்த துப்பாக்கி போன்ற கருவியால் ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். பிறகு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அந்த அறையைத் துளைத்தெடுத்து மறுபடியும் நிரப்பினார்கள். ஆம்ஸ்ட்ராங் பெயரை உலகம் முழுவதும் அறியும். அவரைத் திரும்பக் கொண்டுவந்த அந்தக் கைகளின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

மணலில் இருந்து ஓடுகள்:

எரிந்து தேயும் கவசத்தில் ஒரு குறை உண்டு. ஒரு முறைதான் பயன்படும். பலமுறை பறக்க வேண்டிய விண்வெளி ஓடத்துக்கு வேறு பொருள் தேவைப்பட்டது. லாக்ஹீட் நிறுவனம் உருவாக்கிய சிலிகா ஓடுகள் அந்த இடத்தைப் பிடித்தன.

சிலிகா என்பது மணலின் வேதிப்பொருள்தான். மிகத் தூய்மையான சிலிகாவை மெல்லிய இழைகளாக்கி, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு இந்த ஓடுகளைச் செய்தார்கள். ஓட்டின் கன அளவில் 90 சதவீதத்துக்கும் மேல் வெறும் காற்றுதான்! ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பதும் கம்பளிப் போர்வை குளிரைத் தடுப்பதும் இதே தத்துவத்தில்தான். சிக்கிக்கொண்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. உள்ளே சிவக்கச் சிவக்கச் சூடாக இருக்கும் ஓட்டை, அதன் மூலைகளைப் பிடித்து வெறும் கையால் தூக்க முடியும். வெளியே 1,260 டிகிரி வரை இந்த ஓடு தாங்கும். அடியில் உள்ள அலுமினியம் 175 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்.

பிரச்சினை என்னவென்றால், ஓடு மிகவும் மென்மையானது, எளிதில் நொறுங்கும். அலுமினியம் சூட்டில் விரிவடையும். சிலிகா அநேகமாக விரிவடையாது. நேரடியாக ஒட்டினால் ஓடு விரிசல் விடும். எனவே நடுவில் நோமெக்ஸ் என்ற செயற்கை இழைக் கம்பளத்தை வைத்து, சிலிக்கோன் பசையால் ஒட்டினார்கள். தண்ணீரையும் ஓடு உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுக்க ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒவ்வொரு ஓட்டிலும் டைமெத்தில் எத்தாக்சி சிலேன் என்ற ரசாயனத்தைச் செலுத்த வேண்டியிருந்தது.

முதல் ஓடமான கொலம்பியாவில் 30,000க்கும் அதிகமான ஓடுகள். வீட்டுக் கூரை ஓடுகள் போல அவை ஒரே அளவில் இல்லை. இடத்துக்கு இடம் வடிவம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. 1979 மார்ச்சில் அது கென்னடி விண்வெளி மையத்துக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான ஓடுகள் இன்னும் ஒட்டப்படவே இல்லை. மூன்று ஷிப்டுகளில் வேலை நடந்தும் பயணம் தள்ளிப்போனது. 1981 ஏப்ரல் 12ல் ஜான் யங்கும் ராபர்ட் கிரிப்பனும் முதல் முறை பறந்தபோது, பின்பகுதியில் சில ஓடுகள் காணாமல் போயிருந்ததைக் கண்டார்கள். மொத்தம் 16 ஓடுகள் விழுந்திருந்தன. நல்லவேளையாக அவை அதிகம் சூடாகாத இடத்தில் இருந்தவை.

ஓடத்தின் மூக்கும் இறக்கைகளின் முன் விளிம்பும் ஓடுகளால்கூடத் தாங்க முடியாத அளவுக்குச் சூடாகும். அங்கே கார்பன் இழையைக் கார்பனுக்குள்ளேயே பொதித்து, மேலே சிலிக்கன் கார்பைடு பூசிய தகடுகள் பொருத்தப்பட்டன. இவை 1,600 டிகிரிக்கும் மேல் தாங்கக்கூடியவை.

ஒரு காப்பு இன்னொரு காப்பை உடைத்தது:

ஓடத்தோடு இணைந்திருந்த பெரிய எரிபொருள் தொட்டிக்கும் வெப்பக் காப்பு தேவைப்பட்டது, ஆனால் நேர்மாறான காரணத்துக்காக. அதற்குள் மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்ஸிஜனும் இருந்தன. ஃபுளோரிடாவின் வெயில் அவற்றைக் கொதிக்க வைத்துவிடாமலும், தொட்டியின் வெளியே பனிக்கட்டி படியாமலும் இருக்கப் பாலியூரித்தேன் வகை நுரை பூசப்பட்டது. பஞ்சு போன்ற எடையற்ற பொருள். பார்ப்பதற்கு எந்த ஆபத்தும் இல்லாதது.

ஆனால் அது புறப்படும்போது துண்டு துண்டாகப் பிய்ந்து விழுந்தது. அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா 1997ல் முதல் முறையாக விண்வெளிக்குச் சென்றதும் கொலம்பியாவில்தான். அந்தப் பயணம் முடிந்து திரும்பிய ஓடத்தின் ஓடுகளில் 300க்கும் மேற்பட்ட அடிபட்ட தடங்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியது. அதனால் நுரை விழுவது ஒரு பராமரிப்புப் பிரச்சினையாக மட்டுமே பார்க்கப்பட்டது. ஆபத்து பழகிப்போனது!

2003 ஜனவரி 16ல் கல்பனா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா மீண்டும் புறப்பட்டது. சுமார் 82 நொடிகள் கழித்து, முக்கால் கிலோ எடையுள்ள ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன் விளிம்பில் மோதியது. மோதிய வேகம் மணிக்குச் சுமார் 800 கி.மீ. மறுநாளே படச்சுருளில் இதைப் பொறியாளர்கள் பார்த்துவிட்டார்கள். சேதத்தைத் தெரிந்துகொள்ள ராணுவத்தின் கருவிகளால் ஓடத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் அதற்கு ஏற்பாடு செய்யவில்லை. நுரைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம்.

பிப்ரவரி 1ஆம் தேதி ஓடம் திரும்பியது. தரையிறங்க இன்னும் சுமார் 16 நிமிடங்களே இருந்தன. இறக்கையில் இருந்த ஓட்டை வழியாகச் சூடான வாயு உள்ளே புகுந்து அலுமினியச் சட்டத்தை உருக்கியது. டெக்சாஸ் வானில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தனர்.

அதே ஆண்டு ஜூலை 7ல் விசாரணைக் குழு ஒரு சோதனை நடத்தியது. அதே எடையுள்ள நுரைத் துண்டை அதே வேகத்தில் கார்பன் தகட்டின் மீது செலுத்தினார்கள். தகட்டில் சுமார் 40 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். அதுவரை "நுரை அப்படிச் செய்யாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மௌனமானார்கள்.

குளிரைக் காக்க வைத்த காப்பு, வெப்பத்தைத் தடுக்க வைத்த காப்பை உடைத்துவிட்டது. இரண்டு வேதிப்பொருட்களும் தம் குணத்துக்கு ஏற்பத்தான் நடந்துகொண்டன. கேட்ட கேள்விக்குப் பதில் தேடாமல் விட்டது மனிதர்கள்தான்.

அதன் பிறகு:

2005 ஜூலையில் ஓடங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு பயணத்திலும் கவசத்தை விண்வெளியிலேயே கேமராவால் பரிசோதிப்பது கட்டாயமானது. அந்த முதல் பயணத்திலேயே ஓடுகளுக்கு இடையே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு துணுக்குகளை ஸ்டீபன் ராபின்சன் வெளியே சென்று கையால் பிடுங்கி எடுத்தார். 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றன.

இந்தியாவும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டது. 2003ல் இந்தியா தன் வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2007 ஜனவரி 10ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ-1 என்ற கலத்தை இஸ்ரோ அனுப்பியது. மூக்கில் கார்பன் பீனாலிக், உடலில் சிலிகா ஓடுகள். 12 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு ஜனவரி 22ல் அது வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. எரிந்து தேயும் முறை, ஓட்டு முறை ஆகிய இரண்டு பாடங்களும் அந்த ஒரே கலத்தில் இருந்தன. 2014 டிசம்பர் 18ல் மனிதர் செல்லும் கலத்தின் ஆளில்லா மாதிரியும் அந்தமான் அருகே கடலில் இறங்கியது.

பழைய பீனாலிக்கும் ஓய்வு பெறவில்லை. கார்பன் இழைக்குள் பீனாலிக் ரெசினை ஊறவைத்து நாசா உருவாக்கிய பிக்கா என்ற எடை குறைந்த பொருள், வால்மீன் தூசியோடு வந்த ஸ்டார்டஸ்ட் கலத்தை 2006 ஜனவரி 15ல் நொடிக்குச் சுமார் 12.9 கி.மீ. வேகத்திலிருந்து காப்பாற்றித் தரையிறக்கியது. 2012ல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டிக்கும் அதுவே கவசம்.

இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் ஆச்சரியங்கள் தீரவில்லை. 2022 டிசம்பர் 11ல் ஆளில்லாமல் நிலவைச் சுற்றித் திரும்பிய ஓரியன் கலத்தின் அவ்கோட் கவசத்தில் எதிர்பாராத விதமாகக் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. ரெசின் சிதையும்போது உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளே சிக்கி, அழுத்தம் கூடி, கவசத்தை விரிசல் விட வைத்தது என்று இரண்டு ஆண்டு ஆய்வுக்குப் பின் நாசா அறிவித்தது. எந்த வாயு வெளியேறுவது கவசத்தின் பலமோ, அதே வாயு வெளியேறாதபோது பலவீனமானது.

அந்தக் கலத்தில் மனிதர்கள் இருந்திருந்தாலும் அவர்களுக்கு ஆபத்து நேர்ந்திருக்காது என்றே அளவீடுகள் காட்டின. இருந்தும், பத்திரமாகத்தானே வந்தது என்று விட்டுவிடாமல் கவசத்தை அறுத்து, சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கொலம்பியாவின் ஏழு பேர் விட்டுச் சென்ற பாடம் அதுதான்.